துவக்குக்குப் பக்கத்தில் நின்றவன்

அருங்காட்சியகக் காவலாளி, கதிரை மேசை போல ஒரு தளபாடம் மாதிரி. தளபாடம் வாய் திறந்தால் வருகிற வில்லங்கம் இத்தொழிலில் நிற்கிற உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

உள்ளே ஒளிந்த குழல்

ஜேர்மனியில், ஹனோவர் அருங்காட்சியகத்தில் நான் காவல் நின்ற அறையில் இருந்தது ஒரு சிறிய இத்தாலியச் சப்மெஷின் துவக்கு. மனைவி போனபின் வீட்டில் பேச ஆளில்லை. நூலகப் புத்தகங்களையும் அகராதியையும் வைத்து அதைப் படித்தேன். போர்க்காலத்து இத்தாலியத் துவக்குகள் மரப்பிடியோடு நீளமானவை. இதிலோ, சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் போல்ட், குழலுக்குப் பின்னால் இல்லாமல் சட்டைக் கை போல அதைச் சுற்றி நிற்கும். அதனால் ஒரு சாண் குழலில் பெரும்பகுதி உடலுக்குள்ளேயே அடங்கிவிடும்.

பார்க்க வந்த ஒரு முதியவர் தன் மனைவிக்கு, இது குழலே இல்லாத பொம்மை என்று விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பத்து நிமிடம் திருத்தினேன். அவர் முறைப்பாடு எழுதக் கீழே போனார். மனைவி மட்டும் நின்று சொன்னார்: "நாற்பது வருடமாக என்னால் முடியாததை நீங்கள் பத்து நிமிடத்தில் செய்துவிட்டீர்கள்."

அடையாள அட்டை

மேற்பார்வையாளர் சபினா கூப்பிட்டார். இன்னொரு முறைப்பாடு வந்தால் அந்த அறை இல்லை, வாசலில் மேலங்கி வாங்கி மாட்டும் வேலைதான் என்றார். எனக்கென்று மிச்சமிருந்தது அந்த அறைதான். வாயைப் பூட்டினேன்.

ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழா முடிந்து உறவினர் வீட்டுக்கு வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று ஒருநாள் எட்டிப் பார்த்தது. தகப்பன் துவக்கைக் கண்டதும் சட்டைப்பையில் கைவிட்டு, ஊரில் சோதனைச் சாவடியில் நீட்டுவதுபோல அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிட்டார். தமிழில் பேசினால் முறைப்பாடு வராது என்ற தைரியத்தில், "கண்ணாடிக்குள்ள இருக்கிறது ஒண்டும் கேக்காது, உள்ள வையுங்கோ" என்றேன். அவர் சிரித்தபடி அட்டையை வைத்தார்.

"எனக்குத் தெரியும் அண்ணை, கைக்குத்தான் இன்னும் தெரியாது."

பின்பிடி நெம்பு

பிறகு இயக்குநரே ஒரு குழுவோடு வந்தார். வழிகாட்டி கார்ஸ்டன் துவக்கின் பின்பிடியில் இருக்கும் நெம்பைக் காட்டி, ரவைக்கூட்டைக் கழற்றுவதற்கு என்றார். உண்மையில் அது பாதுகாப்புக்கு. கையால் இறுக்கிப் பிடித்தாலொழிய போல்ட் அசையாது. பழைய துவக்குகள் சில கீழே விழுந்தாலே வெடித்துவிடும். சபினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஓர் அம்மா என் பக்கம் திரும்பி, "அப்படியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மிச்சத்தையும் சொன்னேன்.

அடுத்த நாள் மேலங்கி மாட்டுமிடம். கார்ஸ்டன் இனி முகம் கொடுக்கமாட்டார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் குறிப்புப் புத்தகமும் கையுமாக வந்து அங்கியை நீட்டினார்: "மெதுவாக மாட்டுங்கள், இன்னும் நான்கு கேள்வி இருக்கிறது."

நுணல் தன் வாயால் கெடுமாம். எனக்கு அந்த வாயால் உட்கார ஒரு கதிரையும் கேட்க ஓர் ஆளும் கிடைத்தன.