அண்ணியின் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும்

எங்கள் அண்ணிக்கு வாயை அடக்கத் தெரியாது என்று சபையே சொல்லும். நானும் சொல்வேன், நாத்தனாருக்கு அந்த உரிமை உண்டு. மற்றவர்கள் சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அண்ணிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. வாரம் முழுக்க இயந்திர இரைச்சலில் ஈரப் படுக்கை விரிப்புகளை உதறி, இஸ்திரி இயந்திரத்துக்குள் கொடுத்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமை மத்தியானம் தேவாலயத்தின் பின்சுவரை ஒட்டிய மைதானத்தில் கால்பந்து பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் நின்று, கஷ்டப்படுகிறவர்களுக்காகச் சபையின் சார்பில் ஜெபம் செய்வார். இந்த மூன்றில் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார். அண்ணன் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டான்.

அவர் ஆதரிக்கும் பச்சைச் சட்டை அணியோ தோற்பதற்கென்றே பிறந்தது. போன வருடம் ஒரே ஒரு ஆட்டத்தில் ஜெயித்தது, அதுவும் எதிரணியின் பஸ் வழியில் நின்றுபோனதால்.

"காசைக் கொடுத்துத் தலைவலியை ஏன் அண்ணி வாங்குறீங்க?" என்று கேட்டேன்.

"ஜெயிக்கிறவனுக்குக் கை தட்ட ஊரே இருக்கு. தோக்கிறவனுக்கு ஆள் வேணாமா?" என்றார்.

ஒரு சனிக்கிழமை மழை கொட்டியதால் ஆட்டம் ஞாயிறு காலைக்குத் தள்ளிப்போனது. அண்ணி ஆட்டத்தை விட்டுவிட்டு ஆராதனைக்குத்தான் வந்தார். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கண்ணை மூடி, கறிக்கடைக்காரர் மகனுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன் போதையில் விழுந்து, மறுவாழ்வு விடுதிக்குப் போவதும் தப்பி ஓடிவருவதுமாக இருந்தான். "ஆண்டவரே, இந்த மகனைக் கைவிட்டுடாதீங்க" என்னும்போது சுவருக்கு அப்பால் மைதானமே அதிர்ந்தது. அண்ணி கண்ணைத் திறக்காமலே மைக்கில் கத்திவிட்டார்.

"போட்டுட்டான்யா!"

கொயரில் பாடும் நாங்கள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தோம். கோல் போட்டது எதிரணி என்று பிறகுதான் தெரிந்தது. சபைச் செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மாலையே கமிட்டி அண்ணியைக் கூப்பிட்டது. நானும் துணைக்குப் போனேன்.

"இனிமே மைதானத்துக்குப் போகக் கூடாதும்மா," என்றார் செயலாளர். "அப்புறம், அந்தக் கறிக்கடைப் பையன் பேரை வாராவாரம் சொல்லாதீங்க. வருஷம் ஒண்ணாச்சு, அவன் திருந்தறதா இல்ல. கேக்கறவங்களுக்கும் சலிச்சுப்போச்சு. முடியாதுன்னா ஜெபத்தை வேற ஆள் பண்ணட்டும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அண்ணிக்கு அந்த ஜெபம் உயிர்.

"கத்தினது தப்புதான் ஐயா, மன்னிச்சுக்கோங்க," என்றார் அண்ணி. "ஆனா மைதானத்துக்குப் போவேன். நாலு கோல் வாங்கினாலும் அங்க ஒருத்தரும் எழுந்து போறதில்ல. கடைசி விசில் வரைக்கும் கூடவே நிக்கிறாங்க. விசுவாசம்னா என்னன்னு எனக்கு அங்கதான் உறைச்சுது. இங்க நாம ஒரே வருஷத்துல அந்தப் பையனை விட்டுட்டு எழுந்து போகப் பாக்கறோம். இயேசு யார் கூட உக்காந்தாரு? ஜெயிச்சவங்க கூடவா?"

"விளையாட்டும் வேதமும் ஒண்ணாம்மா?"

"ஒண்ணுன்னு சொல்லல. அங்க கத்துக்கிட்டதை இங்க செய்யறேன்."

ஜெபம் பறிபோனது. அடுத்த சனிக்கிழமை அண்ணியோடு நானும் மைதானத்துக்குப் போனேன். ஆட்டம் ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் செயலாளர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிற இடமாகத் தேடி உட்கார்ந்தேன். வழக்கம்போல் தோற்றோம்.

ஞாயிற்றுக்கிழமை செயலாளரின் மருமகள் ஜெபம் செய்தார். நோயாளிகள், பயணம் போகிறவர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் எல்லாரும் அதில் வந்தார்கள். கறிக்கடைக்காரர் மகன் பெயர் வரவில்லை. கடைசி பெஞ்சில் அவனுடைய அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மருமகள் முடிக்கப் போகும் நேரத்தில் அண்ணி எழுந்தார்.

"இன்னும் முடியல. கறிக்கடைக்காரர் மகனையும் கைவிட்டுடாதீங்க ஆண்டவரே."

"உக்காருங்கம்மா!" என்றார் செயலாளர்.

அண்ணி உட்காரவில்லை. இடுப்பில் கை வைக்காததுதான் குறை. அப்போது கறிக்கடைக்காரர் பின்னாலிருந்து நடந்து வந்து அண்ணியின் பக்கத்தில் நின்றார். மகனின் பெயரைத் தன் வாயாலேயே சொன்னார். ஒரு வருடமாக அவர் அந்தப் பெயரை உச்சரித்து நான் கேட்டதில்லை. மறுபடியும் சொன்னார், சத்தமாக.

எல்லாரும் ஆமென் என்றோம். செயலாளரின் மருமகள் அதை மைக்கிலேயே சொன்னார்.