காலுக்கு வந்த கைப்பட்டை

போன வருஷம் ஐப்பசி மழை விட்டு, விடியற்காலையில் லேசாகப் பனி இறங்க ஆரம்பித்த நாட்களில், ஆரணியில் எங்கள் தெருவில் நடந்தது இது. நான் அதிகம் பேசத் தெரியாதவன். பத்தாவது வரை படித்துவிட்டு, பட்டு நெய்யத் தறிக்குழியில் இறங்கினேன். ஐம்பதைத் தாண்டியும் அங்கேதான் இருக்கிறேன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஏதாவது சொல்லச் சொன்னால் பின்வரிசைக்கு நழுவிவிடுவேன். அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். வலது முட்டி கொஞ்சம் மோசம். உட்கார்ந்து எழுந்தால் உள்ளே மணல் அரைபடுவது போலச் சத்தம் கேட்கும். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், தொடைத் தசையைப் பலப்படுத்தி அளவாக நடந்து வந்தால் சமாளித்துவிடலாம் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். முட்டி இப்படியே இறுகிக்கொண்டு போனால், குழியில் இறங்கி உட்காரும் வேலையை விட்டுவிட வேண்டியிருக்கும். அந்தப் பேச்சுதான் வீடு வரைக்கும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது.

இடது கையில் கட்டிக்கொள்ள ஆஸ்பத்திரியிலேயே ஒரு கறுப்புப் பட்டை கொடுத்தார்கள். நாம் நடக்கும் அடிகளை அது எண்ணி போனுக்கு அனுப்பும். போன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். போனிலேயே பயிற்சிப் படமும் ஓடும். காலை நீட்டு, தூக்கு, பிடி, இறக்கு. வாரம் ஒருமுறை பிசியோதெரபி மேடம் வீடியோவில் வருவார். என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு; என்னை அப்பா என்றே கூப்பிடுவார். அவர் எதைக் கேட்டாலும் நான் "சரிங்க மேடம்" என்பேன். மீதியை என் மனைவி சொல்லுவாள். அவள் வீட்டில் இல்லாத வாரங்களில் அந்த "சரிங்க" மட்டும்தான்.

என் நாள் எப்படி ஓடும் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுவோம். புடவையில் நீளவாட்டில் ஓடும் இழைகளுக்குத்தான் பாவு என்று பேர். வெயில் ஏறுவதற்கு முன், காற்று கிளம்புவதற்கு முன் வேலை முடிந்துவிட வேண்டும். தெரு நீளத்துக்கும் பட்டிழைகளை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் நடந்துகொண்டே அறுந்ததையும் தளர்ந்ததையும் தேடிப் பிணைப்போம். நான் இடது வரிசை. உள்ளங்கையைப் பாவின் அடியில் வைத்துத் தடவியபடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வருவேன். பாவு ஓரத்தில் யாரும் கைவீசி நடக்க மாட்டோம். செருப்பும் கிடையாது, சத்தமும் கிடையாது. தெருவிளக்கு வெளிச்சம் பனியில் கரைந்துபோயிருக்கும். கம்பமும் கட்டிய கயிறும் கண்ணுக்குத் தெரியாது. அரக்கும் கிளிப்பச்சையுமாக அந்த இழைகள் மட்டும் காற்றில் தானாகக் கிடப்பது போல இருக்கும். அதன் இரு கரையிலும் நாங்கள் வெறுங்காலோடு போய்க்கொண்டிருப்போம். பேச்சு வராத எனக்கு, ஆட்களோடு சேர்ந்திருக்க அதைவிடத் தோதான இடம் வேறு கிடையாது.

பட்டை கட்டிய பிறகும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் பாதித் தெருவில் அது விர்ரென்று அதிர்ந்தது. ஏதோ சின்ன உருவமும் இங்கிலீஷ் எழுத்தும் வந்து மறைந்தன. கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு அதிர்ந்தது. தறியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும்போது சும்மாவே இருக்கும். பாவு ஓரத்தில் நடந்தால் மட்டும் அதிரும். நடந்தது போதும், முட்டியை உட்கார வை என்று அது எச்சரிப்பதாக நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த வாரமே மேடமும் அதையே சொன்னார். மத்தியானத்தில் நான் ரொம்ப நடக்கிறேனாம், குறைத்துக்கொள்ள வேண்டுமாம். மத்தியானம் நான் தறியில் இருக்கும் நேரம். எங்கே நடந்தேன் என்று ஒரு கணம் குழம்பினேன். ஆனால் மெஷின் எண்ணியிருக்கிறது, மேடம் படித்தவர், நான் என்னத்தைக் கேட்பது? "சரிங்க மேடம்" என்றேன்.

பட்டை அதிர்வதும் பாவு ஓரத்தில்தான் என்பதால், அடுத்த நாளே பாவு வேலையைப் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டு அண்ணனிடம் நான் வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். இடது வரிசைக்கு வேறு ஆள் வந்தார். விடிவதற்கு முன்பே எனக்கு விழிப்பு வந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே வெறுங்கால்கள் போய் வரும் சின்னச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டபடியே மறுபடி கண் அயர்வேன். கனவில் நான் பாவின் மேலேயே நடந்துபோவேன். ஒரு இழையும் அறாது. தெரு முடிந்த பிறகும் பட்டு முடியாமல் போய்க்கொண்டே இருக்கும். முட்டியில் வலியே இருக்காது. விழித்து எழுந்தால் கால் மரக்கட்டையாக இருக்கும்.

நடையைக் குறைக்கக் குறைக்க முட்டி இறுகியது. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் மேடம், இன்னும் அதிகமாகத்தான் காட்டுகிறது, இன்னும் குறைக்க வேண்டும் என்றார். கடைக்குப் போவதை நிறுத்தினேன். டீக்குப் போவதை நிறுத்தினேன். கடைசியில் குழியை விட்டு மேலே வர மனைவி கை கொடுக்க வேண்டியதாயிற்று. அவள் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, "இன்னாங்க இது, வைத்தியம் பண்ணப் பண்ண நொண்டிகினு போறீங்க?" என்றாள். சுவரைப் பிடித்து நின்றேன். டாக்டர் சொன்ன நாள் வந்துவிட்டது என்றுதான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தறியில் இருந்த புடவையே கடைசிப் புடவையோ என்று கூட நினைத்தேன்.

அப்படி ஒரு மத்தியானம், வழக்கமில்லாத நேரத்தில் மேடத்தின் அழைப்பு வந்தது. நான் தறியில் இருந்தேன். மனைவி போனை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். மேடத்துக்குக் கொஞ்சம் கோபம்தான். "எவ்ளோ சொல்லியும் கேக்க மாட்டேங்கறீங்களே அப்பா. பட்டைய வேற யாராவது கட்டிக்கறாங்களா?" என்றார்.

அது எனக்குச் சுருக்கென்றது. என்னையும் அறியாமல் வாய் திறந்தது.

"இல்லீங்க மேடம். நான் நடக்கலீங்க. இந்நேரத்துக்கு எப்பவுமே உக்காந்துகினுதான் இருப்பேன்."

அவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். மேடம் நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. என் மனைவி, "நீங்களே பாருங்கம்மா" என்று போனைத் தறிப் பக்கம் திருப்பிவிட்டாள். நெய்து காட்டினேன். வலது கை கயிற்றை இழுத்து, குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டும். விழுந்த இழை நெருங்கும்படி இடது கை பலகையை இழுத்து இழுத்து அடிக்கும்.  பிறகு கையை நிறுத்தாமல் பட்டையைக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு அடிக்கும் அதில் எண் ஏறிக்கொண்டிருந்தது.

"அய்யோ அப்பா, இவ்ளோ நாளா உங்க கைதான் நடந்திருக்கு" என்றார் மேடம்.

அப்புறம், முதலிலிருந்தே விடியற்காலையில் ஒன்றுமே பதியவில்லையே, அந்த நேரம் தூங்குவீர்களா என்று கேட்டார். மனைவிக்குப் பொறுக்கவில்லை. "தூக்கமா? விடியறதுக்குள்ள தெருவ அளந்துகினு இருந்த மனுஷன்மா. நீங்க சொன்னீங்கன்னுதான் நிறுத்திட்டாரு" என்றாள். பாவு ஓரத்தில் கையை அசைக்காமல் நடப்பதையும், அங்கே பட்டை அதிர்ந்ததையும் நானே தட்டுத் தடுமாறிச் சொன்னேன். என்ன உருவம் வந்தது என்று கேட்டார். ஒரு ஆள் நிற்பது போல என்றேன்.

 மேடம் மெதுவாகச் சொன்னார். "ரொம்ப நேரமா அசையாம இருக்கீங்க, எழுந்து நடங்கன்னு சொல்றது அப்பா அது."

நடந்துகொண்டிருந்தவனைப் பார்த்து எழுந்து நட என்று சொல்லியிருக்கிறது. நான் போய் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று நான் கேட்கவே இல்லையே என்று மேடம் வருத்தப்பட்டார். நானும் சொல்லவே இல்லையே என்றேன். இடையில் என் மனைவி, "கையில கட்டினா பொய் சொல்லுதுன்னா கால்ல கட்டிக்கட்டுமே, கொலுசாட்டம்" என்றாள். அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். மேடம் அதையே பிடித்துக்கொண்டார். நடக்கும்போது கணுக்காலில் கட்ட வேண்டும். தறியின் மிதிக்கட்டையைக் காலால் மிதிப்பதையும் நடை என்று எண்ணிவிடக்கூடும் என்பதால் தறியில் இறங்கும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிட வேண்டும். குழியிலிருந்து அவ்வப்போது எழுந்திருக்கச் சொல்லி போனில் மணி அடிக்கும்படி வைத்துவிடலாம். எல்லாம் சொல்லிவிட்டு, காலையில் நடப்பதை அவரும் பார்க்க வேண்டும் என்றார்.

மறுநாள் விடியலில், போனைச் சட்டைப்பையில் கேமரா வெளியே தெரியும்படி வைத்து, காலில் பட்டையோடு தெருவில் இறங்கினேன். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. எதிர்வீட்டு அண்ணன் என் காலையே பார்த்தார். தாழ்ந்த குரலில், "இன்னாப்பா, கால்ல வாட்ச்சு? முட்டிக்கு மணி பாக்கத் தெரியுமா?" என்றார். பாவு ஓரத்தில் யாரும் சத்தம் போடக் கூடாதே. இரண்டு வரிசையும் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தது. பட்டு நடுங்கியது. "பாவு ஆடுது, பாவு ஆடுது" என்று அண்ணனே அடக்கினார். என் இடத்தில் நின்றிருந்தவர் ஓர் ஆள் அளவுக்குத் தள்ளி நின்றார். அந்த இடைவெளிக்குள் போய் உள்ளங்கையைப் பட்டுக்கு அடியில் கொடுத்தேன்.

முதல் நடையில் வலியில் உயிர் போயிற்று. "மெதுவா அப்பா, வலிச்சா நில்லுங்க" என்று சட்டைப்பையிலிருந்து மேடம் கிசுகிசுத்தார். எங்கேயோ தூரத்து ஊரில் தன் அறையில் இருப்பவர் எதற்குக் குரலைத் தாழ்த்தினார் என்று தெரியவில்லை. நானும் கிசுகிசுப்பாகவே பதில் சொன்னேன். திரும்பி வரும் நடையில் முட்டிக்குள் ஏதோ சூடேறி இளகியது. அன்றைய பாவு மாம்பழ மஞ்சள். பனிக்குள் அது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கை எது, பட்டு எது, கனவில் நடந்த நடை எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று. கணுக்காலில் பட்டையின் பச்சை வெளிச்சம் மட்டும் கூடவே மினுங்கிக்கொண்டு வந்தது. மேடமும் அதற்குப் பிறகு பேசவில்லை. போனில் இணைப்பு அறுந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். இல்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தேய்ந்தது திரும்ப வளராது என்று டாக்டர் தெளிவாகவே சொல்லிவிட்டார். குளிர் அதிகமான நாட்களில் இப்போதும் வலிக்கிறது. ஆனால் யார் கையும் பிடிக்காமல் குழியில் இறங்கி ஏறுகிறேன். போன முறை பார்த்தபோது தறியை விடும் பேச்சை டாக்டர் எடுக்கவில்லை. தெருவில் என்னைக் கொலுசுக்காரன் என்கிறார்கள். அதுவும் எனக்குப் பழகிவிட்டது.

அந்த நாட்களில் என் கை நடந்துகொண்டிருந்தது, கால் உட்கார்ந்துகொண்டிருந்தது, இரண்டையும் தெரிந்த வாய் மட்டும் சும்மா இருந்தது. இன்றைக்கும் "சரிங்க" என்பது நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம், பாவுக்கு அடியில் தளர்ந்த இழையைத் தேடுவது போல ஒரு கணம் நின்று, "இல்லீங்க" என்று சொல்ல வேண்டியது ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.