தண்ணீரும் ஒரு கரைப்பான்

ஊசிக்குழலில் நீல மை கலந்த தண்ணீரை ஏற்றி, அதைப் பம்ப்பில் மாட்டிவிட்டு, பேராசிரியர் சிவகுரு நுண்ணோக்கிக்கு வழிவிட்டு நிற்பார். வந்தவர் குனிந்து பார்ப்பார். தலைமுடியின் தடிமன்கூட இல்லாத கால்வாயில் நீலம் நெளிந்து ஓடும். "ஓடுதுங்களா? ஓடுதுல்ல?" என்று கேட்பார். பதில் வருவதற்குள் பிஸ்கட் தட்டு வந்துவிடும். பிரின்சிபால் முதல் கேஸ் சிலிண்டர் போட வந்தவர் வரை, அந்த நீலத்தைப் பார்க்காதவர் கல்லூரியில் யாரும் இல்லை.

வீடு சிதம்பரம் கீழ வீதியில். காலை ரயில் கடலூர் முதுநகரை எட்டுவதற்குள் பெட்டியில் பாதிப் பேருக்குத் தன் ஆராய்ச்சியை விளக்கி முடித்திருப்பார். "நம்ம கால்வாய்ல தின்னர், பெட்ரோல், எத ஊத்துனாலும் அசராதுங்க. ஜாஸ்தி பேரு இதப் பண்ணல." ஒருநாள் எதிர் சீட்டுக்காரர், கம்மாபுரத்துப் பக்கம் தூர்ந்துகிடக்கும் வாய்க்காலையும் கொஞ்சம் பார்க்கக் கூடாதா என்று கேட்டுவிட்டார். மறுநாள் முதல் சிவகுரு வேறு பெட்டி.

எந்தக் கரைப்பானுக்கும் அசராத கால்வாய் என்றுதான் அவர் நிதி வாங்கிய திட்டத்துக்கே பெயர். ஆனால் கால்வாய் இருப்பது சிலிக்கோன் ரப்பரில். தின்னரில் இருக்கும் டொலுவீன் பட்டால் அது ஊறவைத்த கொண்டைக்கடலையாக உப்பி வழியை அடைத்துவிடும். அவரிடம் ஆராய்ச்சி செய்யும் பிரிசில்லா, உள்சுவருக்குக் கண்ணாடிப் பூச்சு கொடுத்துப் பார்த்து அலுத்துவிட்டாள்.

"பூச்சு வெடிப்பு வுட்டுடுது சார். டொலுவீன் தாங்கலன்னு உள்ளத எழுதிட்டு, இன்னும் ஆறு மாசம் கேப்போம்."

"தண்ணி தாங்குதுல்ல? தண்ணியும் ஒரு கரைப்பான்தாம்மா. ஸ்கூல் புக்குலயே போட்டிருக்கான்."

இதை அவர் பொய் என்று நினைக்கவில்லை. மனதார நம்பினார், பாவம். 'கரைப்பானைத் தாங்குகிறது' என்று நிதி கொடுத்தவர்களுக்கு அறிக்கையும் அனுப்பிவிட்டார்.

அறிக்கையைப் படித்துவிட்டு நிபுணர் குழு நேரிலேயே வந்துவிட்டது. குழு கை விரித்தால் திட்டம் போச்சு. பிரிசில்லாவின் உதவித்தொகையும் அதோடு போச்சு. நீலம் ஓடியது. பிஸ்கட் வந்தது. குழுத் தலைவி லலிதாம்பிகை பிஸ்கட்டைத் தொடவில்லை.

"அழகா ஓடுது சார். இப்ப டொலுவீன ஓட்டிக் காட்டுங்க."

வேறு வழியில்லாமல் பிரிசில்லா ஊசிக்குழலை மாற்றினாள். அறை முழுக்கப் பெயின்ட் கடை வாசனை. லலிதாம்பிகை கண்ணை வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா, சுவரு லேசா உப்பிட்டு வர்ற மாதிரி..."

அறைச் சுவரில் சாய்ந்து நின்ற சிவகுருவின் முழங்கைப் பக்கம் 'டக்'கென்று ஒரு சத்தம். பம்ப் நின்றது. நுண்ணோக்கியின் விளக்கும் அணைந்தது.

"கரண்ட் போயிடுச்சுங்க மேடம். எங்க ஏரியாவுல இப்பிடித்தான்."

லலிதாம்பிகை நிமிர்ந்து, தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். பிரிசில்லாவும் பார்த்தாள். சிவகுரு மட்டும் மேலே பார்க்கவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய், அடுத்த சுவிட்சைத் தடவிப் பிடித்து, அதையும் அணைத்தார்.