புறங்கை

ஏ.சி. பெட்டியைத் தொடுவதற்கு முன் புறங்கையை அதில் வைத்துப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். கரண்டு கசிந்தால் கை தானாக உதறிக்கொள்ளும். உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும், விடாது. டெஸ்டர் பையிலேயே கிடக்கும், கைதான் முந்தும்.

போன மழைக்காலத்தில் கஞ்சிக்கோட்டு லாட்ஜ் ஒன்றில் இரண்டாம் மாடி சன்ஷேடில் நின்று அப்படித்தான் வைத்தேன். லேசான ஷாக். கையை உதறி ஓரடி பின்வாங்கினேன். தரையில் நின்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அங்கே பின்னால் சன்ஷேடு இல்லை.

கீழே குவித்திருந்த மணல் உயிரைக் காப்பாற்றியது. பார்க்க வந்தவர்கள் ஆனைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். இந்த உடம்பை யானையோடு சேர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. கழுத்து நரம்பு நசுங்கி வலது கை மரத்துவிட்டது. அசையும், ஆனால் எதுவும் உறைக்காது. மனைவி கேட்டபோது சரியாகிவிட்டது என்றேன். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், கொழிஞ்சாம்பாறையில் ஒரு தோட்டக்காரர் வீடு. ஏ.சி. ஓடும்போது சத்தம் வருகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். என்னோடு சேர்ந்து தொழில் செய்யும் மச்சினன் இந்த முறை என் இடுப்பில் கயிறு கட்டினான். ஓடிக்கொண்டிருந்த பெட்டியில் புறங்கையை வைத்தேன். ஒன்றுமில்லை. விரல்களால் பிடிக்கப் போனேன். பக்கத்தில் தன் புறங்கையை வைத்த மச்சினன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"மாமா, கையெடுங்க. கரண்டு வருதுங்க."

எடுத்தேன். அவன் என் முகத்தையே பார்த்தான். எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். ஆனால் பசிதான் எடுத்தது.

சாயங்காலம் வீட்டில் மனைவி டீ கொடுத்தாள். அவள் தம்பி போனில் சொல்லியிருப்பானோ என்னவோ, எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். டம்ளரை வலது கையால் சுற்றிப் பிடித்திருந்தேன்.

"ஏனுங்க, சுடலீங்களா?"

"ஆறிப்போச்சு."

ஆவி பறந்துகொண்டிருந்தது. முந்தானையால் பிடித்து டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். என் உள்ளங்கை சிவந்திருந்தது.

"நாளைக்கு ஏறாதீங்க."

"அப்புறம் சோத்துக்கு?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தற்செயலாகக் குனிந்தபோது என் வலது கையை அவள் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது.