பிசிறு வெட்டிய கிறிஸ்துமஸ்

எங்கள் ஊர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் எட்டு வருடம், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்த்தவள் நான். துணியில் நூல் பிசிறு தொங்கினால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊழியத்துக்காக சாம்பியாவின் ஒரு கிராமத்துக்கு வந்த பிறகு எங்களுக்கு அது முதல் கிறிஸ்துமஸ். விடியும் முன்பே எழுந்து, எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டில் எல்லோரும் புதுத்துணி உடுத்திக் கிளம்பினோம். ஆலய வாசலில் பார்த்தால், மகளின் கவுனில் பிசிறு. கைப்பையிலிருந்த கத்திரியை எடுத்து வெட்டிவிட்டு, பண்டிகை நாளாயிற்றே என்று அவள் தலையில் கைவைத்து ஜெபித்தேன்.

நிமிர்ந்தபோது சபையே எனக்கு முன்னால் வரிசையில் நின்றது. இது எங்கள் நாட்டுச் சடங்கு என்று நினைத்துவிட்டார்கள்.

"ஏனுங்க, இது சடங்கில்லைன்னு சொல்லுங்க" என்றேன் போதகரான என் கணவரிடம்.

"எத்தன சந்தோசமா நிக்கறாங்க பாரு. வெட்டு புள்ள" என்றார்.

வெட்டினேன். ஒவ்வொரு தலையிலும் கைவைத்தேன். சிரிப்பும் பாட்டுமாக ஆராதனை ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது.

அடுத்த வருடம் வரிசை இன்னும் நீண்டது. பிசிறே இல்லாத சட்டைக்காரர்கள் தாங்களாகவே ஒரு நூலைப் பிரித்துத் தொங்கவிட்டு வந்திருந்தார்கள். அவர்களில் முதல் ஆள் என் கணவர்.