கருமணல் தலையணை

ஒரு மாரிகாலம் முழுவதும் எங்கள் முன்னறையில் ஒரு பௌதிக விஞ்ஞானி வாடகைக்கு இருந்தார். கொழும்பிலிருந்து வந்தவர். புல்மோட்டைக் கடற்கரை மணலை ஆராய்வது அவருடைய வேலை. எனக்கு அப்போது மகள் பிறந்து எட்டு மாதம். புதியவர்களோடு கதைக்க எனக்கு நா எழாது. தேநீரை அவருடைய மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் ஓடிவிடுவேன்.

அந்த மேசையில் ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. பின்னேரங்களில் அதை முடுக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். டிக். பிறகு ஒன்றுமில்லை. பிறகு டிக், டிக். பெய்வதா விடுவதா என்று மழை ஓட்டின் மேல் நின்று யோசிப்பதுபோல் இருக்கும். துறைமுகத்தில் ஏதாவது கப்பல் ஊதும். நான் அரிசி களைந்தபடி அடுத்த டிக்குக்காகக் காத்திருப்பேன். ஒருநாள் துணிந்து கதவோரம் நின்று கேட்டேன்.

"ஆரை எண்ணுது, சேர்?"

"எல்லாரையும்தான், தங்கச்சி. வானம், கல்லு, இந்தச் சுவர், நீங்கள், நான். எல்லாத்திலயும் இருந்து கொஞ்சம் கொஞ்சம் கதிர் வருது."

கதிர் என்றால் நான் அறிந்தது நெற்கதிர்தான். சுவரெல்லாம் நெல் விளைந்து அசைவதாக நினைத்துக்கொண்டு போனேன்.

ஒரு பகல், பெட்டியை நிறுத்தாமலே தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்தார். பாயில் பிள்ளை நித்திரை. அவளருகே வந்ததும் சத்தம் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று பொரிந்தது.

"பெட்டிக்குப் பிள்ளையைப் பிடிச்சுப்போச்சு" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி என்னிடம் தந்தார். பெட்டியை அவளிடம் கொண்டுவந்தார், அடங்கியது. பாயில் கிடந்த இரண்டு சின்னத் தலையணைகளுக்குக் கிட்டக் கொண்டுபோனார், பொரிந்தது.

பிள்ளையின் தலை சப்பையாகாமல் இருபுறமும் அணைத்துவைக்கக் கடுகுத் தலையணை தைப்பார்கள். கடுகு இலேசு, பிள்ளை தட்டிவிட்டுவிடும். என் கணவர் புல்மோட்டை மணலைத் துறைமுகத்துக்கு ஏற்றும் லொறி ஓட்டுபவர். அவர் சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுவந்த கருமணல் பட்டுப்போல் மினுங்கியது, இரும்புபோல் கனத்தது. அதை நிரப்பித் தைத்தேன். அசையவே இல்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"இது கருமணலெல்லோ, இதில கதிர் கூட. எவ்வளவு நாளா?" என்றார்.

"பிறந்ததில இருந்து. பிள்ளைக்கு ஏதும் செய்யுமோ, சேர்?"

தலையணைகளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். இரண்டு நாள் அளந்தார், எழுதினார், கிழித்தார். பிறகு வந்து சொன்னார்.

"அனேகமா ஒண்டும் செய்யாது."

"அனேகமா எண்டா?"

"செய்யாது எண்டுதான் நினைக்கிறன். ஆனா இவ்வளவு சின்னப் பிள்ளையில ஒருத்தரும் இதை வடிவாப் பாத்ததில்லை. பாக்காததைப் பாத்தமாதிரிச் சொல்ல ஏலாது."

என் கணவர் கைகூப்பாத குறையாகக் கேட்டார். "சேர், மனிசி சாப்பிடுறாவும் இல்லை. ஒண்டும் செய்யாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்."

"எனக்கும் அந்தச் சொல்லுத்தான் வேணும். கணக்கில அது வருகுதில்லை."

தலையணையிலிருந்து பச்சைக் கதிர்கள் முளைத்துப் பிள்ளையின் தலைமயிரோடு பின்னி வளர்வதாகக் கனவு கண்டேன். கனவில் அது அழகாகத்தான் இருந்தது. விழித்ததும் ஓடிப்போய் அவளுடைய தலையைத் தடவிப் பார்த்தேன். அவர்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வாயில்லாமல், அவருடைய கறிக்கு உப்புப் போடாமல் அனுப்பினேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

வேலை முடிந்து போனார். ஆனால் ஒவ்வொரு வருடமும் வந்தார். பல் முளைத்ததா, எவ்வளவு உயரம், காய்ச்சல் வந்ததா என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வார். "உம்மட 'அனேகமா' வந்திருக்கிறார், தேத்தண்ணி வையும்" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். மகளுக்கு அவர் பழைய வாடகைக்காரர், அவ்வளவுதான்.

மகளுக்குக் கலியாணம் முற்றான வருடம் அவர் வந்தபோது தலை முழுக்க வெள்ளை. தேநீர் கொண்டுவந்தவளை நெடுநேரம் பார்த்தார். அவள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளைக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"அது அவவின்ர உடம்பு, தங்கச்சி."

தேநீரைக் குடித்து முடித்துப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்று பின்னேரமே மகளை இருத்தி, தலையணையையும் பெட்டியையும் பற்றிச் சொன்னேன். அவள் முகம் வெளிறிக்கொண்டு வந்தது.

"அப்ப, எனக்குப் பிறக்கிற பிள்ளையளுக்கு ஒண்டும் வராதெல்லோ அம்மா?"

வராது. நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லிவிட்டால் அவள் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியும்.

"அனேகமா வராது" என்றேன்.

"அதென்ன அனேகமா? மழை வருமோ எண்டோ கேட்டனான்?"

துவாயைத் தோளில் எறிந்துகொண்டு கிணற்றடிக்குப் போனாள். வாளி விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே பொழுது மங்கியது. ஈரத் தலையோடு வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முதலில இருந்து சொல்லுங்கோ" என்றாள்.