வைவாவுக்கு வந்த பொதுமக்கள்

1. கேட்டில் நின்ற வேன்

பத்தரை மணிக்கு வைவா. பத்தேகாலுக்கு வாட்ச்மேன் போன் செய்தார்.

"மேடம், கேட்டுல ஒரு வேன் வந்து நிக்குது. பொம்பளைங்க பதினாலு பேரு. மீன் விக்கிறவங்களாம். வைவாவுக்கு வந்திருக்கோம்ன்றாங்க. உள்ள வுடலாமா?"

சிதம்பரத்தில் ஒரு ஆராய்ச்சித் துறையின் அலுவலகத்தை ரிட்டயர் ஆகும்வரை பார்த்துக்கொண்டவள் நான். வீடு கடலூர், தினமும் பஸ். முனைவர் பட்டத்துக்குக் கடைசிப் படி இந்த வைவா, அதாவது பொது வாய்மொழித் தேர்வு. ஆய்வு மாணவர் எல்லார் முன்னாலும் நின்று தன் ஆய்வை விளக்க வேண்டும். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் எக்ஸ்டர்னலாக வந்து குடைவார். கூட்டத்தில் இருப்பவர்களும் கேட்கலாம். சர்க்குலர் அடிப்பதிலிருந்து எக்ஸ்டர்னலுக்கு ஸ்டேஷனில் கார் நிறுத்துவது வரை என் பொறுப்பு.

ஒவ்வொரு சர்க்குலரிலும் "ஆர்வமுள்ள பொதுமக்கள் அனைவரும் கலந்துகொள்ளலாம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை எத்தனை தடவை டைப் அடித்திருப்பேனோ தெரியாது. ஆனால் பொதுமக்கள் என்று ஒருவரைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. பக்கத்துத் துறை மாணவர்கள் வருவார்கள், வடை தீர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள்.

அன்றைக்கு நிஜமாகவே வந்துவிட்டார்கள். வேறு வழி? "வுடுங்க" என்றேன். கேன்டீனுக்குப் போன் போட்டு இன்னும் பதினாலு வடை, பதினாலு டீ என்று சொன்னேன்.

2. சீட்டுத் தயாரிப்பு

அன்றைக்கு வைவா சுகந்திக்கு. கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில் ஒரு மீனவக் குப்பத்துப் பெண். டியூஷன் எடுத்துக்கொண்டே ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்தவள். மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விற்கும் பெண்களின் வாழ்க்கை என்பதுதான் அவள் ஆய்வு. கடலூரில் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை கிட்டத்தட்ட உறுதியாகியிருந்தது. ஜூன் முதல் வாரத்துக்குள் வைவா முடிந்த சான்றைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்போது மே மாதம் பாதி போயிருந்தது. வைவா ஒழுங்காக முடிந்தால் வேலை. எக்ஸ்டர்னல் முகம் சுளித்தால் வேலை போச்சு.

அதனால் தயாரிப்பு தடபுடலாக நடந்தது. பவர்பாயின்ட் இங்கிலீஷில், பேச்சு இங்கிலீஷில், மூன்று முறை ஒத்திகை. பதில் தெரியாத கேள்வி வந்தால் "அது என் ஆய்வின் ஸ்கோப்பில் வரவில்லை", அதாவது அது என் எல்லைக்குள் இல்லை, என்று சொல்லித் தப்பிக்கவும் அவளுடைய ஆய்வு வழிகாட்டியான கைடு சார் பழக்கியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தால் கரையேறியவர்கள் எங்கள் துறையில் ஏராளம்.

என் பங்கு கேள்விச் சீட்டு. கூட்டத்திலிருந்து யாரும் கேட்காவிட்டால் பொது வைவா சப்பென்று போய்விடும் அல்லவா? அதனால் மாணவிக்குப் பதில் தெரிந்த கேள்விகளை முதல் நாளே டைப் அடித்து, ஜூனியர்களிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவேன். அவர்கள் திடீரென்று தோன்றியது போல எழுந்து கேட்பார்கள். தப்பா என்று கேட்டால் தப்புதான். ஆனால் அன்றுவரை அதை என் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொதுமக்களுக்கு வாட்ஸப்பில் சர்க்குலர் அனுப்பியது சுகந்திதான்.

"நெஜமா வருவாங்கன்னு நெனைக்கல மேடம். மரியாதைக்கு அனுப்பிச்சேன்" என்றாள்.

3. நாலாம் நம்பர்

எக்ஸ்டர்னல் மதுரைப் பக்கத்துக்காரர். மெலிந்த உருவம், பேசுவதும் கொஞ்சம்தான். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார்.

"இவங்களப் பத்தின ஆய்வுதானம்மா? அப்ப தமிழ்லயே சொல்லுங்க. அவங்களுக்கும் புரியட்டும்."

மூன்று ஒத்திகையும் அந்த நிமிடமே காற்றில் போயிற்று. ஆனால் சுகந்தி தமிழில் இன்னும் நன்றாகவே பேசினாள். தடைக்காலம் என்ற ஸ்லைடில் நீளமாக ஒரு சிவப்புக் கட்டம் வந்தது. "இந்த ரெண்டு மாசமும் பெண்களுக்கு வேலை இல்லை, வருமானம் இல்லை" என்றாள். பின்வரிசையில் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. நான் திரும்பி முறைத்தேன். அடங்கியது.

பிறகு கேள்வி நேரம். சீட்டுக்காரர்கள் வரிசையாக எழுந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் சரி. நாலாவதாக ஒரு பையன் எழுந்து இங்கிலீஷில் கேட்டான், சுகந்தி பதில் சொன்னாள். அடுத்து ஒரு பெண் எழுந்து அதே கேள்வியை அட்சரம் பிசகாமல் மறுபடி கேட்டாள். நாலாம் நம்பர் சீட்டை நான் இரண்டு பிரிண்ட் எடுத்துத் தொலைத்திருக்கிறேன்!

எக்ஸ்டர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல கேள்வி. ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி தோணியிருக்கு" என்றார். ஹாலே சிரித்தது. எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

"கையில பேப்பர் இல்லாம கேக்குறவங்க யாராவது இருக்கீங்களா?"

பின்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்தார். பெயர் அஞ்சலை, சுகந்தியின் பக்கத்து வீடு.

"நாங்க கேக்கலாமா சார்?"

"உங்களுக்கு இல்லாத உரிமையா? கேளுங்கம்மா."

"ஏம்மா சுகந்தி, தடக்காலத்துல நாங்க வேல இல்லாம குந்திக்கினு இருந்தோம்னு அந்தச் செவப்புக் கட்டத்துல போட்டிருக்கியே. இப்ப என்னா காலம்? தடக்காலந்தான? நாங்க இன்னைக்கி பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்ட ஒடைக்கிற எடத்துல லீவு சொல்லிட்டு வந்திருக்கோம். வருசா வருசம் போறோமே. உங்கம்மாவுந்தான வருது? அதெல்லாம் எங்க போச்சி?"

கைடு சார் சுகந்தியைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார். ஸ்கோப், ஸ்கோப் என்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"அது என் ஆய்வோட ஸ்கோப்பில..." என்று தொடங்கினாள் சுகந்தி. அங்கேயே நிறுத்திவிட்டாள். தண்ணீர் குடித்தாள்.

"நான் கேக்கல சின்னம்மா. மீன் வேல உண்டா இல்லையான்னு மட்டுந்தான் கேட்டேன். முந்திரிய எழுதினா, இவுங்களுக்குத்தான் வேற வேல இருக்கே, கவர்மெண்டு நெவாரணம் எதுக்குன்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டேன். தெரிஞ்சேதான் வுட்டேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. ஐந்து வருட உழைப்பை இப்படித் தன் வாயாலேயே கெடுத்துக்கொள்கிறாளே என்று.

அஞ்சலையம்மாள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்து, அங்கங்கே தோல் உரிந்திருந்தது.

"வேல இருந்தா கஷ்டம் இல்லன்னு யாரும்மா சொன்னது? இந்தக் கையோட மறுபடி உப்புல மீன அள்ளணும். அத எழுதினியா? சும்மா இருந்தோம்னு எழுதினா எங்களுக்குத்தான அசிங்கம்?"

4. ரிப்போர்ட்

எக்ஸ்டர்னலும் கைடு சாரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். ரிப்போர்ட் படிவத்தோடு நானும் போனேன். வைவாவை ஆறு மாதம் தள்ளிவைக்கலாமா என்று கைடு சாரே தயங்கிக் கேட்டார். அத்தனை வருடத்தில் எக்ஸ்டர்னலிடம் நான் வாயைத் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன்.

"சார், அந்தப் பொண்ணுக்கு ஜூன்ல ஒரு வேல இருக்கு. நீங்க பாத்துச் செய்யணும்."

"வேலைக்காக நான் கையெழுத்துப் போட முடியாதும்மா" என்றார் அவர். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் பேனாவை எடுத்தார்.

"பதினஞ்சு வருஷமா வைவாவுக்குப் போறேன். தெரிஞ்சே வுட்டேன்னு ஒருத்தர் சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன். இனிமே இவங்க எழுதறத நம்பலாம். விட்டுப்போனத ஒரு அத்தியாயமா எழுதிச் சேக்கட்டும். பத்து நாள். கைடு பாத்துச் சரின்னு சொன்னதும் இந்த ரிப்போர்ட்ட அனுப்புங்க."

ஹாலுக்கு வந்து முடிவைச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். சுகந்தி அழுதாள். ஜூனியர்கள் "டாக்டர் சுகந்தி, டாக்டர் சுகந்தி" என்று கத்தினார்கள்.

அஞ்சலையம்மாள் மட்டும் கை தட்டவில்லை. கையில் டீ கிளாஸ் இருந்தது என்பது ஒரு காரணம்.

"மொதல்ல அதச் சரியா எழுது. அப்பறம் டாக்டர்னு கூப்புடுறோம்" என்றார்.

5. பத்து நாள்

எட்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. சுகந்தி என்னையும் பண்ருட்டிக்கு அழைத்தாள். கூரை போட்ட கொட்டகை, தரையில் வரிசையாகப் பெண்கள், டொக் டொக் என்று கொட்டை உடைபடும் சத்தம். அவர்களோடு தானும் உட்கார்ந்து சுகந்தி புது அத்தியாயத்தின் முப்பது பக்கத்தையும் படித்தாள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், பிள்ளைகளை யாரிடம் விடுகிறார்கள், கை எப்போது ஆறுகிறது, எல்லாம் அதில் இருந்தது. இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லித் திருத்தினார்கள். ஒரு இடத்தில் அவளுடைய அம்மாவே திருத்தினார். வெக்கையில் எனக்கு மண்டை காய்ந்தது. ஆனாலும் எழுந்து போக மனசு வரவில்லை.

பத்தாம் நாள் ரிப்போர்ட் போயிற்று, ஜூனில் அவள் வேலையில் சேர்ந்தாள். வைவாவுக்குத் தயாராகும் பிள்ளைகள் இப்போதும் எனக்குப் போன் செய்து, எக்ஸ்டர்னல் என்ன கேட்பார் மேடம் என்கிறார்கள். எக்ஸ்டர்னல் கிடக்கட்டும், யாரைப் பற்றி எழுதினாயோ அவர்களிடம் முதலில் படித்துக் காட்டு என்பேன். அதற்கெல்லாம் நேரம் இல்லை மேடம் என்று பாதிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்ததும் சுகந்தி தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தலை நிமிரவே இல்லை. அஞ்சலையம்மாள் மடியில் கிடந்த ஓட்டைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"டாக்டரம்மாவுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுங்கடி. ரொம்ப நேரமா படிச்சிக்கினு இருக்குது."